டைம்ஸ் நியூ ரோமனுக்கு விதி இருக்கு. தமிழுக்கு?

போன மாசம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு காப்பியை மட்டும் ஸ்பைரல் போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். ஊர் மரக்காணம். ஈசிஆர்ல சென்னையிலருந்து பாண்டி போகும்போது ஜன்னல் பக்கம் வெள்ளை வெள்ளையா குவியல் தெரிஞ்சதும் போனை எடுத்து ரீல்ஸ் போடுவீங்களே, அந்த உப்பளம்தான். எங்கப்பா அங்க முப்பது வருஷமா வேலை செய்யறார்.

எங்க டீம் ப்ராஜெக்ட்டும் அதைப் பத்தித்தான். பாத்தியில நிக்கற தண்ணியோட அடர்த்தியை ஒரு சென்சார் அளக்கும். உப்பு படியற பதம் வந்ததும் போனுக்கு மெசேஜ் அனுப்பும். ரிப்போர்ட் மொத்தம் 64 பக்கம். 63 பக்கம் இங்கிலீஷ். ஒரே ஒரு பக்கம் தமிழ்: "திட்டச் சுருக்கம்". எல்கேஜியிலருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கு அந்த ஒரு பக்கத்தை எழுத மூணு ராத்திரி ஆச்சு. 'அடர்த்தி'யா 'செறிவு'ன்னு டீம்ல சண்டையே நடந்தது. எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டேன்னா, மொத்த ரிப்போர்ட்ல எங்கப்பா படிக்கக்கூடிய பக்கம் அது ஒண்ணுதான்.

அப்பா அந்தப் பக்கத்தை வாங்கினார். கையை நீட்டிப் பிடிச்சார். கண்ணைச் சுருக்கினார். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் கையிலேயே கொடுத்துட்டார்.

"இன்னா பாப்பா இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீயே படிச்சுக் காட்டு."

எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. தினமும் காலையில டீக்கடையில தினத்தந்தியை முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். அவர் கண்ணு கொஞ்சம் மங்கலாயிருக்கறது உண்மை. உப்பளத்துல வெயில் மேலருந்து மட்டும் வராது, கீழ கிடக்கற வெள்ளையிலருந்தும் திருப்பி அடிக்கும். வருஷக்கணக்கா அதைப் பார்த்து வேலை செய்யறவங்களுக்குக் கண் பிரச்சினை சகஜம். ஆனா அதே கண்ணாலதான் தந்தியைப் படிக்கறார். என் பக்கத்தைத்தான் படிக்க முடியல.

வீட்டுல உக்காந்து அந்தப் பக்கத்தை நிதானமா பார்த்தப்பதான் எனக்கே வெட்கமா போச்சு. எழுத்து மெலிசு. வரிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. மேல் வரியில இருக்கற 'மூ'வோட வால், கீழ் வரி 'தி'யோட கொக்கியைத் தொடுது. ரெண்டு இடத்துல 'கெ' உடைஞ்சு, கொம்பு தனியா ஒரு புள்ளி வட்டத்தோட நிக்குது. ஒரு இடத்துல வெறும் கட்டம்.

என்ன நடந்ததுன்னா, ரிப்போர்ட்டுக்கு ஒரு வடிவமைப்பு விதி இருக்கு. இங்கிலீஷுக்கு எல்லாம் தெளிவா சொல்லியிருக்கு: டைம்ஸ் நியூ ரோமன், இத்தனை பாயிண்ட், வரி இடைவெளி 1.5, மார்ஜின் இத்தனை மில்லிமீட்டர். தமிழ்ப் பக்கத்துக்கு "தமிழில் ஒரு பக்கம்"னு ஒரே வரி. நாங்க என்ன பண்ணோம்? எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டைம்ஸ் நியூ ரோமன் போட்டோம். டைம்ஸ் நியூ ரோமன்ல தமிழ் எழுத்தே கிடையாது. அதனால வேர்ட் தானா கையில கிடைச்ச ஒரு தமிழ் ஃபான்ட்டைப் போட்டுக்கிச்சு. பிரிண்ட் கடை கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட்டும் இல்ல, அது வேற ஒண்ணைப் போட்டுக்கிச்சு. கடை அண்ணன், "இதெல்லாம் சரியா வராது, பாமினில திரும்ப அடிச்சுடலாமா?"ன்னு கேட்டார். நாங்க, "பரவால்ல ண்ணா, யாரு படிக்கப் போறா"ன்னு சொல்லிட்டோம்.

அந்த "யாரு படிக்கப் போறா"தான் இந்தக் கட்டுரை. நான் சொல்ல வர்றது சிம்பிள்: நல்ல அச்செழுத்துங்கறது அழகு சமாச்சாரம் இல்ல. 'இதை யார், எதுல, எந்தக் கண்ணால படிக்கப் போறாங்க'ன்னு ஒருத்தர் கேட்டு, அதுக்குக் கண்டுபிடிச்ச பதில் அது. டைம்ஸ் நியூ ரோமனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. நம்ம தமிழ்ப் பக்கத்துக்கு நாம கேக்கல.

டைம்ஸ் நியூ ரோமன் எதுக்குப் பொறந்தது

நாலு வருஷமா ரெக்கார்ட் நோட், மினி ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் எல்லாத்துலயும் இந்த ஃபான்ட்டை அடிச்சிருக்கோம். அது எங்கிருந்து வந்ததுன்னு நான் இப்பதான் தேடிப் படிச்சேன்.

லண்டன்ல 'தி டைம்ஸ்'னு ஒரு பத்திரிகை. 1929-ல ஸ்டான்லி மோரிசன்கற அச்சு வல்லுநர், "உங்க பேப்பர் அச்சு மோசமா இருக்கு, காலத்துக்கு ஒத்து வரல"ன்னு விமர்சனம் பண்ணார். பத்திரிகை என்ன பண்ணுச்சுன்னா, அவரையே கூப்பிட்டு, "அப்ப நீங்களே சரி பண்ணிக் கொடுங்க"ன்னு வேலையைக் கொடுத்துச்சு. 16-ம் நூற்றாண்டு அச்செழுத்தை அடிப்படையா வெச்சு மோனோடைப் கம்பெனி செஞ்சிருந்த 'பிளான்டின்'கற எழுத்தை மோரிசன் மாதிரியா எடுத்துக்கிட்டார். அந்தப் பத்திரிகையோட விளம்பரப் பிரிவுல படம் வரையற வேலையில இருந்த விக்டர் லார்டன்ட் எழுத்துகளை வரைஞ்சார். 1932 அக்டோபர் 3-ம் தேதி பேப்பர் புது எழுத்துல வந்தது. 1972 வரைக்கும், நாப்பது வருஷம், அந்தப் பேப்பர் அந்த எழுத்துலதான் ஓடுச்சு.

இப்ப அந்த எழுத்தை இன்ஜினியரிங் கண்ணோட பாருங்க. பேப்பர்ல பத்தி அகலம் ரொம்பக் குறைவு, அதனால எழுத்தை ஒடுக்கமா வெச்சாங்க. காகிதம் காசு, அதனால ஒரு பத்தியில நிறைய வார்த்தை அடங்கணும். ஆனா சின்னதா போட்டாலும் படிக்க முடியணும். அதுக்கு 'x', 'a', 'e' மாதிரி எழுத்துகளோட உடம்பைப் பெருசா வெச்சு, 'b', 'p' மாதிரி எழுத்துகள்ல மேல கீழ நீட்டற காலைக் குட்டையாக்கினாங்க. கோட்டோட நுனியில சின்னச் சின்னப் பாதம் வெச்சாங்க. அதைத்தான் செரிஃப்னு சொல்றோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. கன்ஸ்ட்ரெயின்ட் இருந்தது, ஆப்டிமைஸ் பண்ணாங்க.

அப்ப அது எப்படி நம்ம ரிப்போர்ட்டுக்கு வந்தது? 1992-ல விண்டோஸ் 3.1 கூட அந்த ஃபான்ட் இலவசமா வந்தது. ரொம்ப வருஷம் வேர்ட்ல அதுதான் டிஃபால்ட். ஆபீஸ் 2007-லதான் மைக்ரோசாஃப்ட் அதை மாத்தி காலிப்ரி கொண்டு வந்தது. அதுக்குள்ள உலகம் முழுக்க விதிப் புத்தகங்கள்ல அந்தப் பேர் ஏறிடுச்சு. 

உண்மையைச் சொன்னா ஏ4 தாளுக்கு அது சரியான தேர்வே இல்ல. ஒடுக்கமான எழுத்தை 12 பாயிண்ட்ல, 15 சென்டிமீட்டர் அகல வரியில ஓட விட்டா, ஒரு வரிக்குக் கிட்டத்தட்ட 85, 90 எழுத்து வருது. ஒரு வரியில 60, 70 எழுத்துக்கு மேல போனா கண்ணு அடுத்த வரியோட தொடக்கத்தைத் தவற விடும்னு புத்தக வடிவமைப்பாளர்கள் சொல்வாங்க. நம்ம ரிப்போர்ட்டைக் காப்பாத்தறது 1.5 வரி இடைவெளிதான். ஆக, ஒடுக்கமான பேப்பர் பத்திக்காகச் செஞ்ச எழுத்தை அகலமான தாள்ல போட்டு, அதனால வர்ற பிரச்சினையை இடைவெளியைக் கூட்டிச் சமாளிக்கறோம். அதையும் ஒரு விதியா எழுதி வெச்சிருக்காங்களே, அதுவரைக்கும் சந்தோஷம். தமிழுக்கு அதுவும் இல்ல.

தமிழ்ல செரிஃப் உண்டா?

கூகுள்ல தேடினா 'நோட்டோ செரிஃப் தமிழ்'னு ஒரு ஃபான்ட் கிடைக்கும். ஆனா கண்டிப்பா பார்த்தா தமிழுக்கு செரிஃப் கிடையாது. ரோமன் எழுத்துக்கு அந்தப் பாதம் கல்வெட்டுலயும் பேனாவுலயும் வளர்ந்த பழக்கம். நம்ம எழுத்தோட வரலாறு வேற. எங்க ஊர் பூமீஸ்வரர் கோயில் சுவர்ல சோழர் காலக் கல்வெட்டு இருக்கு. உளி கீறின கோடு கிட்டத்தட்ட ஒரே தடிமன்ல போகும். பனையோலையில எழுத்தாணி கீறினதும் அப்படித்தான். வளைவு நிறைய, பாதம் கிடையாது.

உலோக அச்சு வந்தப்பதான் கோட்டுல தடிப்பும் மெலிவும் மாறி மாறி வர்ற எழுத்துகள் நமக்குப் பழகுச்சு. உங்க வீட்டுல பழைய பொன்னியின் செல்வனோ, தாத்தா காலத்துப் புத்தகமோ இருந்தா எடுத்துப் பாருங்க. ஒரு 'க'வுக்குள்ளயே கோடு ஒரு இடத்துல தடிச்சு, ஒரு இடத்துல மெலிஞ்சு ஓடும். தமிழ்ல 'செரிஃப்'னு இப்ப சொல்றது பெரும்பாலும் இந்த மரபைத்தான். இதுக்கு எதிரா, எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்ல, பைப்பை வளைச்ச மாதிரி இருக்கற எழுத்துகள்தான் இப்ப ஆப்லயும் போஸ்டர்லயும் நாம அதிகம் பார்க்கறது.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. 'ர'வையும் துணைக்கால் 'ா'வையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பல புது ஃபான்ட்கள்ல ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். மரபான புத்தக எழுத்துல 'ர'வுக்குக் கீழ சாய்ஞ்ச மாதிரி ஒரு சின்னக் கால் இருக்கும், துணைக்காலுக்கு இருக்காது. 'மரம்'கற வார்த்தை 'மாம்' மாதிரி தெரியாம இருக்கறது அந்தச் சின்னக் காலாலதான். தமிழ்ல செரிஃபுக்கு நெருக்கமா ஏதாவது இருக்குன்னா நான் அதைத்தான் சொல்வேன். அது அலங்காரம் இல்ல, அந்த எழுத்தோட அடையாளம்.

நம்ம ஆட்களும் இந்தக் கணக்கைப் போட்டிருக்காங்க

'இதெல்லாம் வெள்ளைக்காரன் பேப்பர் கதை, நமக்கு எதுக்கு'ன்னு தோணலாம். ஆனா தமிழ் அச்சு டைம்ஸ் நியூ ரோமனை விட 350 வருஷம் மூத்தது. 1578-ல கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்'கற 16 பக்கப் புத்தகம் தமிழ் எழுத்துல அச்சாச்சு. அச்சிட்டவர் அன்றீக் அடிகளார்னு நாம சொல்ற ஹென்ரிக் ஹென்ரிக்கஸ்.

எங்க கடற்கரையிலேயே தெற்க போனா தரங்கம்பாடி. அங்க சீகன்பால்குவுக்காக ஜெர்மனியில ஹாலே நகரத்துல தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினாங்க. வந்த எழுத்து ரொம்பப் பெருசு. அதுல புதிய ஏற்பாடு அச்சடிச்சா காகிதம் கட்டுப்படியாகாது. அதனால தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தாங்க, பக்கத்துல பொறையார்ல காகித ஆலையும் தொடங்கினாங்க. 1715-ல புத்தகம் முடிஞ்சது. காகிதம், அளவு, கண்ணு: லண்டன்காரங்க போட்ட அதே கணக்குதான்.

18-ம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் எ-ஏ, ஒ-ஓ குழப்பத்தைத் தீர்க்க வடிவத்தை மாத்தினார். 19-ம் நூற்றாண்டுல சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்துல பி.ஆர்.ஹண்ட் சின்னதாவும் தெளிவாவும் எழுத்து வார்க்க வெச்சார். 1862-ல வந்த வின்ஸ்லோ அகராதி அந்த அச்சகத்தோட வேலைதான். அகராதி மாதிரி கனமான புத்தகத்துக்குச் சின்ன எழுத்து இல்லாம முடியாது. 1978-ல எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் முன்னாடியே 'குடிஅரசு'ல பயன்படுத்தின சீர்திருத்த எழுத்துகளை ஆணை போட்டு ஏத்துக்கிச்சு. துதிக்கை மாதிரி வளைஞ்ச பழைய 'லை', 'ணை', சுழிச்ச பழைய 'ணா', 'றா', 'னா' எல்லாம் போய், இப்ப நாம எழுதற வடிவம் வந்தது. எங்க ஆயா இன்னமும் பழைய 'லை'தான் எழுதும்.

ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் படிக்கறவங்களைப் பத்தியும் அச்சடிக்கறவங்களைப் பத்தியும் யோசிச்சிருக்காங்க. இன்னிக்கும் யோசிக்கறாங்க. ஆப்பிள் கம்ப்யூட்டர்ல வர்ற 'இணைமதி' மலேசியாவோட முத்து நெடுமாறன் செஞ்சது. 'கவிவாணர்', 'பவனம்' இலங்கையோட தாரிக் அஸீஸ் செஞ்சது. 'கட்டமரான்' பிரியா ரவிச்சந்திரன் செஞ்சது. எல்லாம் நம்ம ஆட்கள்தான். ஆக, எழுத்து இல்லாம இல்ல. எதை எங்க போடணும்னு தேர்ந்தெடுக்கற ஆள்தான் இல்ல. அந்த வேலையை வேர்டும் பிரிண்ட் கடை கம்ப்யூட்டரும் பார்த்துக்குதுங்க.

நான் போட்ட சின்ன டெஸ்ட்

திரும்ப வந்ததும் அதே திட்டச் சுருக்கத்தை நாலு விதமா பிரிண்ட் எடுத்தேன்.

ஒண்ணு, பழைய பக்கம், அப்படியே. ரெண்டு, அதே ஃபான்ட், ஆனா 14 பாயிண்ட், 1.5 இடைவெளி. மூணு, நோட்டோ செரிஃப் தமிழ் ரெகுலர், 13 பாயிண்ட், 1.5 இடைவெளி. நாலு, அதே நோட்டோ செரிஃப், ஆனா 'லைட்' தடிமன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அப்பா, ஆயா, டீக்கடைக்காரர்னு மூணு பேர்கிட்டயும் கொடுத்தேன். ரெண்டாவதைக் கொடுத்ததுமே மூணு பேரும் படிச்சாங்க. அதாவது பாதிப் பிரச்சினை ஃபான்ட்டே இல்ல, அளவும் இடைவெளியும்தான். மூணாவதுல அப்பா நிக்காம படிச்சார். ஆயா, "இது பொஸ்தகத்துல வர்ற எழுத்து"ன்னு சொல்லுச்சு. நாலாவது தோல்வி. கடையில டோனர் கம்மி, மெல்லிய கோடெல்லாம் காணாமலே போச்சு.

மூணு பேரை வெச்சு எடுத்த முடிவு ஆராய்ச்சி இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா எங்க ரிப்போர்ட்டுக்கு யாரும் ஒரு பேரை வெச்சுக்கூட டெஸ்ட் பண்ணல, அதையும் பாருங்க.

இதுல ஒரு டெக்னிக்கல் விஷயம். 12 பாயிண்ட்னா எழுத்தோட உயரம் 12 பாயிண்ட் இல்ல. ஒரு அங்குலம் 72 பாயிண்ட், அப்ப 12 பாயிண்ட்னா சுமார் 4.2 மில்லிமீட்டர். அது அந்தக் காலத்துல எழுத்தைத் தாங்கின உலோகக் கட்டையோட உயரம். அந்தக் கட்டைக்குள்ள தமிழ் எழுத்து மேல 'ீ'யோட சுழிக்கும், கீழ 'ழூ'வோட வாலுக்கும் இடம் விடணும். மீதி இடத்துலதான் உடம்பு. அதனால "இங்கிலீஷ் 12-ன்னா தமிழும் 12"ங்கறது சமத்துவம் மாதிரி தெரிஞ்சாலும் சமம் இல்ல. வரிக்கு நடுவுல இடம் அதிகம் வேணுங்கறதுக்கும் இதுதான் காரணம்.

"ஃபான்ட் எல்லாம் ஒரு மேட்டரா?"

இதை ஹாஸ்டல்ல சொன்னப்ப மூணு எதிர்ப்பு வந்தது. மூணுக்கும் பதில் சொல்லிடறேன்.

முதல்: "செரிஃப்தான் படிக்க ஈஸின்னு ப்ரூவ் ஆகலையே." சரிதான். செரிஃப் இருந்தா கண்டிப்பா வேகமா படிக்கலாம்னு யாரும் உறுதியா நிரூபிச்சதில்ல. நானும் அப்படிச் சொல்லல. போன் ஸ்கிரீன்ல நாலு வரி நோட்டீஸுக்கு ஒரே தடிமன் எழுத்து நல்லாவே இருக்கு. ஆனா பக்கம் பக்கமா படிக்கற எழுத்துக்கு, நம்ம வாசகர் ஐம்பது வருஷமா எந்த வடிவத்துல படிச்சுப் பழகியிருக்காரோ, அதைப் பக்கத்துல வெச்சுப் பார்க்காம முடிவு பண்ணாதீங்கன்னுதான் சொல்றேன்.

ரெண்டு: "அந்தப் பக்கத்தை எக்ஸ்டர்னல்கூட படிக்க மாட்டார்." உண்மை. அவர் படிக்க மாட்டார். ஆனா யாருக்காக அந்தப் பக்கம்னு ஒரு தடவை யோசிங்க. என் க்ளாஸ்ல விவசாயத்துக்கு ட்ரோன் பண்ணவங்க இருக்காங்க, மீன்பிடி படகுக்கு ஜிபிஎஸ் பண்ணவங்க இருக்காங்க, கைத்தறிக்கு மோட்டார் வெச்சவங்க இருக்காங்க. யாருக்காகப் பண்ணோம்னு முதல் பக்கத்துல எழுதறோமே, அவங்க படிக்க முடியற ஒரே பக்கம் அது. அதைச் சம்பிரதாயத்துக்கு வெச்சா, "சமுதாயப் பயன்"னு எழுதின பத்தியையும் எடுத்துடலாம்.

மூணு: "தமிழ் டைப்பிங்கே கஷ்டம், இதுல ஃபான்ட் வேறயா?" இங்கதான் எனக்குக் கோபம் வருது. ரெஃபரன்ஸ்ல ஒரு கமா மாறினா ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து திருத்தறோம். படத்தோட தலைப்பு கீழ வரணும், அட்டவணைத் தலைப்பு மேல வரணும்னு மனப்பாடமா தெரியும். நமக்கு உழைக்கத் தெரியாம இல்ல. எங்க மார்க் போகுமோ அங்க உழைக்கறோம்.

அப்ப என்ன செய்யலாம்

பெருசா ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் ரிப்போர்ட் அடிக்கறவங்களுக்கு நாலு விஷயம்.

வேர்ட்ல ஃபான்ட் பெட்டியைத் திறந்தா கீழ 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்'னு தனி இடம் இருக்கும். தமிழ் எழுத்தோட ஃபான்ட்டும் அளவும் அங்கதான் முடிவாகுது. மேல டைம்ஸ் நியூ ரோமன்னு போட்டா அது தமிழுக்குப் போகாது. நோட்டோ செரிஃப் தமிழும் 'டிரோ தமிழ்'ங்கற மரபான புத்தக எழுத்தும் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம். டிரோவுல போல்ட் கிடையாது, தலைப்புக்கு வேற ஒண்ணு வேணும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துலயும் 'மருதம்' உள்பட இலவச யூனிகோட் எழுத்துருக்கள் இருக்கு.

லேடெக் பயன்படுத்தறவங்க பிடிஎஃப்-லேடெக்கை விட்டுட்டு ஸீலேடெக்குக்கோ லுவாலேடெக்குக்கோ போங்க. 'கெ' உடையாது.

பிரிண்ட் கடைக்கு வேர்ட் ஃபைலைக் கொடுக்காதீங்க. ஃபான்ட்டை உள்ள சேர்த்த பிடிஎஃப்பா கொடுங்க. பாமினி மாதிரி பழைய என்கோடிங்ல அடிச்சா பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா காப்பி பண்ணா இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். நாளைக்கு யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியா, ஒரு பிரிண்ட்டை ஐம்பது வயசு தாண்டின ஒருத்தர்கிட்ட கொடுத்துப் பாருங்க. வீட்டுல இல்லைன்னா நம்ம மெஸ் அண்ணன்கிட்டயோ வாட்ச்மேன் தாத்தாகிட்டயோ கொடுங்க.

துறைக்கு ஒரு கோரிக்கை: விதிப் புத்தகத்துல தமிழ்ப் பக்கத்துக்கும் ஃபான்ட் பேர், அளவு, இடைவெளி மூணையும் ஒரு வரியில எழுதுங்க. நம்ம இதழோட ஆசிரியர் குழுவுக்கும் ஒண்ணு: நாமளும் யோக்கியம் இல்ல. போன இதழ் முழுக்க மெலிசான ஒரு தலைப்பு எழுத்துலதான் கட்டுரை ஓடுச்சு. ஸ்கிரீன்ஷாட் அழகா இருந்தது, சிறுகதையை முழுசா படிச்சவங்க எத்தனை பேர்?

அப்பா மூணாவது பிரிண்ட்டைப் படிச்சாருன்னு சொன்னேன்ல. படிச்சு முடிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இருபத்தஞ்சு டிகிரில மெசேஜ் வரும்னு எழுதியிருக்க. சரி. அது முப்பதுகிட்ட ஏறினா தண்ணியைத் தொறந்து விடணுமே, அதுக்கு மெசேஜ் வராதா?"

"வராதுப்பா."

"அப்ப உப்பு கசக்கும். ஈரம் இழுக்கும். உங்க மிஷினு பாதி வேலைதான் செய்யுது."

பாமே அளவுல 25 டிகிரியில உப்பு படிய ஆரம்பிக்கும்னு நாங்க புத்தகத்துல படிச்சிருந்தோம். 29, 30-ஐத் தாண்டினா மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து வரும்னும் அதே புத்தகத்துல இருந்தது. மூணு ரிவ்யூ நடந்தது, ஒருத்தர்கூட இதைக் கேக்கல. எங்களுக்கும் தோணல. கோடுல ரெண்டு வரி சேர்த்தோம், இப்ப அந்த எல்லைக்கும் மெசேஜ் வருது. ரிப்போர்ட்டையும் திருத்திட்டோம். எறும்பு ஊர்ற பக்கத்தையே பைண்ட் பண்ணியிருந்தா அந்தக் கேள்வி எங்களுக்கு வந்தே இருக்காது.

துறைத் தலைவருக்கு ஒரு மனு தயார் பண்ணியிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் லைப்ரரி வாசல்ல இருக்கும், கையெழுத்து போட வாங்க. மனு தமிழ்லதான் இருக்கு. 13 பாயிண்ட்.